'படம்' என்று எழுதிக் காட்டினால் ஏன் விழிக்கிறாள்? வீட்டில் தமிழ் வாசிக்கச் சொல்லித்தருவது பற்றி

கேள்வி: மகளுக்கு நாலரை வயது. பெங்களூரில் இருக்கிறோம். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான், தமிழை நாங்களே வீட்டில் சொல்லித்தர வேண்டும். சுவரில் 247 எழுத்து அட்டவணை ஒட்டியிருக்கிறோம். அ முதல் ஃ வரையும் க் முதல் ன் வரையும் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறாள். ஆனால் 'படம்' என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறாள். எங்கே பிசகு? இன்னும் வயது வரவில்லையா? ஊரில் இருக்கும் அப்பா, "தினம் நாலு பக்கம் எழுத வை, தானா வரும்" என்கிறார்.

பதில்:

பிசகு குழந்தையிடம் இல்லை. அட்டவணையில் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்புமாக எடுத்தே ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீட்டில் ஐந்து வயதுப் பேத்தி. நீங்கள் சொல்வது போல ஒப்பிக்கத் தெரிந்து படிக்கத் தெரியாமல் வந்த பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். 'மூ' என்று ஓர் எழுத்தைக் காட்டினால், "ம மா மி மீ மு மூ" என்று விரல் விட்டுக்கொண்டே அடியிலிருந்து ஏறி வந்து சேருவார்கள். நடுவில் யாராவது தும்மினால் மறுபடியும் 'ம'வில் தொடங்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தெரிவது பாட்டு. எழுத்து தெரியாது.

முதலில் அந்த 247 என்ற பூச்சாண்டியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இதில் 216 என்பது 18 எழுத்தையும் 12 ஒலியையும் பெருக்கிய கணக்கு. க, ங, ச, ஞ என்று போகும் பதினெட்டு உருவங்கள், மேலே வைக்கும் புள்ளி, கால், கொம்பு, சுழி மாதிரி சில குறிகள், சொல்லின் தொடக்கத்தில் வரும் உயிர்கள், இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிய வேண்டியவை. அதிலும் ங என்பது 'ங்க' என்ற ஜோடியில் மட்டும்தான் குழந்தையின் புத்தகத்தில் வரும். ஞ எப்போதாவது. ஔ, ஃ இரண்டையும் ஒன்றாம் வகுப்பு முடியும் வரை தொடாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது. ஔவையாருக்காகவும் எஃகுக்காகவும் நாலரை வயதுக் குழந்தையைக் காக்க வைக்க வேண்டாம்.

அட்டவணையைக் கிழிக்கச் சொல்லவில்லை. மூன்று மாதம் சுருட்டிப் பரணில் வையுங்கள்.

இனி 'படம்' ஏன் வரவில்லை என்ற விஷயம். உங்கள் மகளிடம் ம் என்ற எழுத்தைக் காட்டினால் என்ன சொல்கிறாள்? 'இம்' என்பாள். ட் என்றால் 'இட்'. நம் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மெய்யைத் தனியாக உச்சரிக்க முடியாது என்பதால் முன்னால் ஓர் இகரத்தை ஒட்டவைத்துப் பெயர் வைத்திருக்கிறோம். பெயர் வேறு, சத்தம் வேறு என்பது பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தைக்கு யார் சொன்னார்கள்? அது ஒழுங்காக 'ப, ட, இம்' என்று கூட்டுகிறது. 'படயிம்' என்று ஒரு சொல் தமிழில் இல்லாததால் விழிக்கிறது. விழிப்பது புத்திசாலித்தனத்தின் அடையாளம் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அர்த்தம் வரவில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

நான் வகுப்பில் சொல்வது இது: புள்ளி வைத்த எழுத்து தனியாக நடக்காது, முன்னால் இருக்கிற எழுத்தின் முதுகில் தொத்திக்கொள்ளும். 'ட' போகிறது, 'ம்' அதன் முதுகில் ஏறிக்கொள்கிறது, 'டம்'. 'பட்டம்' என்றால் 'பட்', 'டம்' என்று இரண்டு மூட்டை. இப்படித் துண்டு துண்டாகப் பார்க்கப் பழகிவிட்டால் தமிழில் எந்தச் சொல்லும் கண்ணை மிரட்டாது. குறிலும் நெடிலும் தனித்தும் ஒற்றடுத்தும் வருவதைத்தான் யாப்பில் நேரசை என்று படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? அங்கே அலுத்துப்போன சங்கதி இங்கே உதவுகிறது. எழுதிக் காட்டும்போது முதல் சில நாள் பட்-டம், கப்-பல், ம-ரம் என்று சின்ன இடைவெளி விட்டு எழுதுங்கள். பிறகு சேர்த்து எழுதுங்கள்.

எந்த எழுத்தில் தொடங்குவது? அ ஆவில் தொடங்காதீர்கள். அ ஆ இ ஈ நான்கும் தெரிந்தால் என்ன சொல்லைப் படிக்க முடியும்? 'ஈ' ஒன்றுதான், அதுவும் பறந்துவிடும். உயிரெழுத்து சொல்லின் தலையில் மட்டுமே வரும். பன்னிரண்டையும் முடித்தாலும் குழந்தையால் ஒரு வரி படிக்க முடியாது. மாறாக ப, ட, ம மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் நேர்கோடும் லேசான வளைவும்தான், எழுதவும் சுலபம். இவற்றோடு புள்ளி. நான்கு பொருளை வைத்துக்கொண்டு படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். கூடவே 'மம்மம்' வரும். சோற்றுக்கு அது இன்னும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கும் என்றால், தட்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டையில் 'மம்மம்' என்று எழுதி வையுங்கள். என் பேத்தி முதன்முதலில் தானாகப் படித்த சொல் அதுதான். படித்துவிட்டு இலக்கணப் பிழை கண்டுபிடித்த புலவர் மாதிரி சிரித்தாள்.

அடுத்தது க, ர. இப்போது மரம், பக்கம், கட்டம், ரம்பம், ரப்பர், பம்பரம். பிறகு ல, வ, த, ந, ள, ழ என்று இரண்டிரண்டாக. கல், பல், கடல், கப்பல், வட்டம், நகம், வத்தல், பழம், மத்தளம். இந்தக் கட்டம் வரை ஒரு காலும் கொம்பும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குள் குழந்தை நாற்பது ஐம்பது சொற்கள் படித்துவிடுகிறது. 'எனக்குப் படிக்கத் தெரியும்' என்ற நினைப்பு அதற்கு வந்துவிடுகிறது. அந்த நினைப்பு வந்த குழந்தைக்கு மிச்சத்தைச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலைதான்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. 1990களில் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்க அறிவொளி இயக்கம் வந்தபோது, அவர்களும் அகர வரிசையை ஓரமாக வைத்துவிட்டு 'பட்டா' என்ற சொல்லில்தான் தொடங்கினார்கள். நிலமில்லாத கூலிக்காரருக்குப் பட்டா என்ற சொல் மனதில் என்ன செய்யும் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்தது. உங்கள் மகளுக்குப் பட்டா வேண்டாம், பம்பரமும் மம்மமும் போதும். கொள்கை ஒன்றுதான்.

குழந்தைக்குப் பேச்சில் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் தமிழுக்கே உரியது. 'க' என்ற ஓர் எழுத்து 'கடல்' என்பதில் ஒரு மாதிரி ஒலிக்கிறது, 'பங்கு' என்பதில் வேறு மாதிரி, 'மகள்' என்பதில் மெத்தென்று மூன்றாவது மாதிரி. 'பல்' என்பதில் வரும் ப வேறு, 'தம்பி'யில் வரும் பி வேறு. கன்னடத்தில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. உங்கள் மகள் பள்ளியில் அதைப் பார்த்துவிட்டு வந்து, "தமிழ்ல ஏன் ஒண்ணே ஒண்ணு?" என்று கேட்டாலும் கேட்பாள். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டித்து வரும்போதும் அழுத்தி, மெல்லினத்துக்குப் பின் அதிர்வோடு, உயிர்களுக்கு நடுவில் தளர்வாக என்பது விதி. விதியைக் குழந்தையிடம் சொல்லாதீர்கள். அவள் 'த-ம்-பி' என்று கட்டையாகக் கூட்டும்போது, "கொஞ்சம் வேகமா சொல்லு பார்ப்போம், இது நீ தினமும் சொல்ற வார்த்தைதான்" என்றால் போதும். நாக்கு தானாகத் திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லாக இருந்தால் நாக்குக்குத் திருத்த வழியில்லை. அதனால்தான் பழைய வாசகங்களில் வரும் உரல், ஏர், ஓடம் எல்லாம் பெங்களூர் அடுக்குமாடிக் குழந்தைக்குச் சுமை. உரலைப் பார்த்தே இராத குழந்தைக்கு 'உ உரல்' என்பதும் 'உ அப்ரகடப்ரா' என்பதும் ஒன்றுதான்.

குறிகளுக்கு வருவோம். முதலில் துணைக்கால். மாமா, பாப்பா, தாத்தா, பால், காகம், டப்பா. இப்போது அ என்ற ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டால் அம்மா, அப்பா, அக்கா. குடும்பம் முழுக்க வந்துவிடும். அடுத்து மேலே கொக்கி போடும் இகரம், ஈகாரம். பாட்டி, தம்பி, கிளி, பல்லி, மாடி. ஒரு சின்ன எச்சரிக்கை: கையெழுத்தில் ர-வும் துணைக்காலும் ஒன்று போலவே இருக்கும், 'கால்' என்பதைக் 'கரல்' என்று படிக்கும் குழந்தைகள் நிறைய. அட்டை எழுதும்போது ர-வின் அடியில் வரும் சாய்ந்த காலை நன்றாக இழுத்து எழுதுங்கள்.

உகரம்தான் முரண்டு பிடிக்கும். மற்ற குறிகள் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும்போது, இது மட்டும் எழுத்துக்கு எழுத்து வேஷம் மாற்றும். ஆனால் அதிலும் மூன்று கூட்டம்தான். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், வளைந்து சுற்றிக்கொள்பவை. சு, பு, யு, வு, ஙு இன்னொரு கூட்டம், நேரே கீழே கோடு இறங்குபவை. து, நு, லு, று, ணு, னு, ஞு மூன்றாவது, சுழித்துக் கால் மேலே போகிறவை. 6, 5, 7, மொத்தம் 18. ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்று எடுங்கள். எல்லா 'உ'வையும் ஒரே நாளில் காட்டினால் கலங்கிப்போகும். ஊகாரத்தை அட்டவணையாகச் சொல்லித்தர வேண்டாம். பூ, பூனை, மூக்கு, தூக்கு, கூடை என்று சொல்லாகப் பிடித்துவைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாகக் கொம்புகள். இதில் சிக்கல் கண்ணுக்கும் வாய்க்கும் இடையில். 'கெ' என்பதில் கொம்பு முதலில் நிற்கிறது, ஆனால் ஒலியில் க் முந்தி எ பிந்தி வருகிறது. இடமிருந்து வலமாகப் போ என்று இத்தனை நாள் சொல்லிவிட்டு, இப்போது இந்தக் கொம்பைக் கண்டால் நில், அடுத்ததைப் பார்த்துவிட்டுச் சொல் என்கிறோம். "கொம்பு கதவைத் தட்டும், உள்ளே யார் இருக்காங்கன்னு பார்த்துட்டுதான் பேசணும்" என்பேன். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் மாற்றிப் படித்தால் கோபப்படாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இரட்டைக் கொம்பைக் கொண்டுவரும் வரை நம் முன்னோரே ஒற்றைக் கொம்பை வைத்துக்கொண்டுதான் இரண்டையும் சமாளித்தார்கள்.

ந, ன, ண மூன்றையும் எப்போது பிரித்துச் சொல்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். வாசிப்புக்கு அது பிரச்சினையே இல்லை. ந சொல்லின் தொடக்கத்திலும் த-வுக்கு முன்னாலும் வரும், ன-வும் ண-வும் தொடக்கத்தில் வரவே வராது, படித்தால் சொல் புரிந்துவிடும். எழுதும்போதுதான் மண்டை காயும், அதற்கு இரண்டாம் வகுப்பு இருக்கிறது. ல, ள, ழ அப்படியே. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்: ற்ற. 'காற்று', 'நேற்று' என்பவற்றை எழுத்துக் கூட்டினால் வாயில் வராது. அதை ஒரு முழு உருவமாகவே காட்டிவிடுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் எழுத்து சங்கதி. முறையாகச் செய்தால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். தமிழ் எழுத்து ஆங்கிலம் மாதிரி ஏமாற்றாது, குறி தெரிந்தால் எதையும் வாய்விட்டுப் படித்துவிடலாம். ஆபத்தும் அங்கேதான். படிக்கிறது, ஆனால் புரியவில்லை. மூன்றாம் வகுப்பில் பாடத்தைக் கடகடவென்று படித்துவிட்டு, என்ன படித்தாய் என்றால் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. வீட்டில் சொல்லித்தருபவர்கள் அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

காரணம் எளிது. நாம் வீட்டில் பேசும் தமிழ் புத்தகத்தில் இல்லை. குழந்தைக்குத் தெரிந்தது 'குரங்கு மரத்துல ஏறுச்சு'. புத்தகத்தில் இருப்பது 'குரங்கு மரத்தில் ஏறியது'. 'அவங்க வந்தாங்க' என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'அவர்கள் வந்தார்கள்' என்பது பாதி அன்னிய பாஷை. 'இருக்கு' புத்தகத்தில் 'இருக்கிறது' ஆகிவிடுகிறது. 'தல வலிக்குது' என்று தினமும் கேட்கும் குழந்தை 'தலை' என்ற எழுத்தைச் சரியாகக் கூட்டிவிட்டு, அது தன் கழுத்துக்கு மேலே இருக்கும் தலைதான் என்று தெரியாமல் நிற்கும். ஊரில் வளரும் குழந்தைக்காவது செய்தி, கோயில் ஒலிபெருக்கி, பள்ளி என்று எழுத்துத் தமிழ் காதில் விழுந்துகொண்டிருக்கும். பெங்களூரில் உங்கள் மகளுக்கு அந்தத் தமிழ் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே எழுத்துப் பாடத்துக்குப் பத்து நிமிடம் என்றால், வாசித்துக் காட்ட இருபது நிமிடம். இரண்டும் தனித்தனி வேளையில். வாசித்துக் காட்டும்போது அவளைப் படிக்கச் சொல்லாதீர்கள், அது அவள் கதை கேட்கும் நேரம். மடியிலோ பக்கத்திலோ வைத்துக்கொண்டு, வரிக்கு அடியில் விரலை ஓட்டியபடி, அச்சில் இருப்பதை இருக்கிறபடியே படியுங்கள். 'குரங்கு மரத்தில் ஏறியது.' பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "குரங்கு மரத்துல ஏறிடுச்சு, பார்த்தியா!" என்று நம் பேச்சில் ஒரு தடவை. முதல் சில வாரம் ஒவ்வொரு வரிக்கும் இப்படி. பிறகு பக்கத்துக்கு ஒன்று. பிறகு தேவையே இருக்காது, அவளே 'ஏறியது' என்று பொம்மையிடம் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். சிலர் குழந்தைக்குப் புரியாதே என்று புத்தகத் தமிழைப் படிக்காமல் படத்தைப் பார்த்துப் பேச்சுத் தமிழில் கதை சொல்லிவிடுகிறார்கள். கதை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பாலத்தின் ஒரு கரை மட்டும்தான் கட்டப்படுகிறது.

ஒரே புத்தகத்தை நாற்பது தடவை கேட்பாள். படியுங்கள். சலிப்பு நமக்குத்தான். இருபதாவது தடவையில் வரியின் கடைசிச் சொல்லில் நிறுத்துங்கள், அவள் முடிப்பாள். கொஞ்ச நாளில் முழுப் புத்தகத்தையும் மனப்பாடமாகச் சொல்லிப் 'படிப்பாள்'. "இது ஏமாத்து, படிக்கல" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதுவும் ஒரு படி. சொல்லின் மேல் விரலும் வாயில் சொல்லும் ஒன்றாக ஓடத் தொடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிஜமாகப் படிக்கிறாளா என்று தெரிய வேண்டுமானால், அதே சொல்லைப் படம் இல்லாத ஒரு காகிதத்தில் எழுதி, வேறொரு நேரத்தில் காட்டுங்கள்.

இன்னொரு பழக்கம். அவள் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். "இன்னிக்கு நா பார்க்ல நாய பாத்தேன்" என்றால் அப்படியே எழுதி, அவளையே படம் வரையச் சொல்லி, நாலு தாளைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தால் புத்தகம். கொச்சையாக எழுதலாமா, தமிழ் கெட்டுவிடாதா என்று ஆசிரியர் கூட்டங்களில் என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நான் மசியவில்லை. தான் சொன்ன சொல் தாளில் உட்கார்ந்திருக்கிறது, நாளைக்கும் அதையே சொல்கிறது என்று ஒரு குழந்தை கண்டுபிடிக்கும் தருணம் பெரியது. அப்போது 'பாத்தேன்' என்பதில் ர் விட்டுப்போனது பற்றிக் கவலைப்பட எனக்கு மனம் வரவில்லை. கீழேயே சின்னதாக 'நான் பூங்காவில் நாயைப் பார்த்தேன்' என்று எழுதிவைத்தால் இரண்டு கரையும் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

உங்கள் அப்பா சொல்லும் 'நாலு பக்கம் எழுது' விஷயம். அவரோடு சண்டை போட வேண்டாம், ஆனால் கேட்கவும் வேண்டாம். நாலரை வயது விரல் எலும்பும் தசையும் நாலு கோடு நோட்டுக்குத் தயாராக இருக்காது. வாசிப்பு முந்தும், எழுத்து பிந்தும். தட்டில் அரிசியோ ரவையோ பரப்பி ஆள்காட்டி விரலால் எழுதட்டும். விஜயதசமியன்று ஒரு நாள் செய்வதைத் தினமும் செய்தால் என்ன? திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதித்தான் கற்றார்கள், பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1787இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்து அசந்துபோய், தன் பள்ளியிலும் அப்படியே செய்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. நம் மணல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது, நாம் நாலு கோடு நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

வயது பற்றிக் கேட்டீர்கள். நாலரை என்பது தொடங்கலாம், தொடங்காவிட்டாலும் நஷ்டமில்லை என்கிற வயது. 'பாட்டி'யும் 'பாப்பா'வும் ஒரே சத்தத்தில் தொடங்குகின்றன என்று அவள் காதுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிகிறது என்றால் எழுத்து காட்டலாம். தெரியவில்லை என்றால் ஒரு மாதம் விளையாட்டு மட்டும்: பெயர்களைக் கைதட்டிப் பிரிப்பது, 'ப'வில் தொடங்கும் சாமான்களைச் சமையலறையில் தேடுவது, ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்குவது. இதற்குத் தாளும் பென்சிலும் வேண்டாம், சாம்பார் கொதிக்கும்போதே நடக்கும்.

ஊரார் பிள்ளைகளிடம் பொறுமையாக இருந்த நான், என் மூத்த பிள்ளையிடம் தோற்றேன். டீச்சர் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மூன்றரை வயதில் சிலேட்டைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். சாயங்காலம் ஆனால் அவன் மாட்டுக் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்வான். இரண்டு வருஷம் கழித்து வேறொரு டீச்சரிடம் மூன்றே மாதத்தில் படித்தான். இன்றைக்கும் அவனுக்குத் தமிழ்ப் புத்தகம் என்றால் ஒரு தயக்கம் இருக்கிறது, அது என் கைவரிசை. அதனால் சொல்கிறேன்: பத்தாவது நிமிடத்தில், அவள் இன்னும் கேட்கும்போதே அட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். அன்றைக்கு மனம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். தப்பாகப் படித்தால், 'தப்பு' என்பதற்குப் பதில் சரியானதை நீங்கள் ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே போங்கள்.

அட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் போதும், நல்ல கெட்டி அட்டை. ஒரு கவனிப்பு: இந்தக் காலத்துக் குழந்தைகளின் பெயர்களில் பாதி ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ இல்லாமல் முடிவதில்லை. உங்கள் மகள் பெயரும் அப்படி என்றால், அவள் முதலில் படிக்க ஆசைப்படும் சொல் 247க்கு வெளியே இருக்கிறது. பரவாயில்லை, பெயரை ஒரு படம் மாதிரி அறைக் கதவில் ஒட்டிவிடுங்கள், எழுத்தாகப் பிறகு பிரிக்கலாம். ஊருக்கு வரும்போது பேருந்துப் பலகையும் கடைப் பலகையும் பெரிய பாடப் புத்தகம். 'பால்', 'டீ', 'ஆவின்', 'மருந்தகம்'. ஜன்னல் ஓரம் உட்கார வைத்தால் தானாகத் தேடத் தொடங்கும்.

புத்தகங்களுக்குக் குறையில்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015 முதல் இருக்கிறது. தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் படியில் பக்கத்துக்கு ஒரு வரிதான். சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள் உங்களைப் போல வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கு வசதி. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கத்துக்காக 2023இல் கொண்டுவந்த சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். யார் வைத்த பெயரோ, கைகொடுக்கத் தோன்றுகிறது. அலைபேசிச் செயலிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. எழுத்தைத் தொட்டால் யானை பிளிறும், குழந்தை யானைக்காகத் தொடும்.

ஆங்கிலம், கன்னடம், தமிழ் மூன்றும் குழப்புமா என்றால், பெரும்பாலும் இல்லை. சத்தங்களைக் கோத்துச் சொல்லாக்கும் வித்தை ஒன்றில் பிடிபட்டால் மற்றதற்கும் உதவும். கன்னட எழுத்தும் நம் எழுத்தைப் போல உயிர்மெய்க் கட்டுமானம்தான் என்பது உங்களுக்குக் கூடுதல் லாபம். ஒரே உட்காரலில் இரண்டு மொழி மட்டும் வேண்டாம்.

எங்கே நிற்கிறாள் என்று பார்க்க ஆசைப்பட்டால், ஏசர் கணக்கெடுப்பில் கிராமங்களில் பிள்ளைகளைச் சோதிக்கும் அதே ஏணியைப் பயன்படுத்தலாம்: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், வாரா வாரம் வேண்டாம். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுவது, ன-வையும் ண-வையும் மாற்றுவது எல்லாம் ஆறு, ஏழு வயது வரை சகஜம். ஏழு தாண்டியும், ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும், நேற்றுப் படித்த எழுத்து இன்று புதிதாகத் தெரிகிறது என்றால் முதலில் கண், காது இரண்டையும் சோதியுங்கள். வகுப்பில் 'மக்கு' என்று பெயர் வாங்கிய இரண்டு பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட்டதும் சரியானதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றும் இல்லையென்றால் டிஸ்லெக்சியாவா என்று தெரிந்தவர்களிடம் காட்டலாம், சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே இருக்கிறது.

கடைசியாக, உங்கள் அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் நோட்டு வாங்கி அனுப்பிவிடுவார். பேத்திக்கு வாரம் ஒரு தபால் அட்டை எழுதச் சொல்லுங்கள், மூன்றே வரி, பெரிய எழுத்தில். ஒரே நிபந்தனை: லை, னை, ணா, றா எல்லாம் இப்போதைய உருவத்தில் எழுத வேண்டும். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு 1978இல் ஏற்றபோது அப்படிப் பதின்மூன்று எழுத்துகள் மாறின. அதற்கு முன் பள்ளி முடித்தவர்களின் கை இன்னும் 'லை'க்கு யானைத் தும்பிக்கை போடும். என் கையும் அப்படித்தான், அட்டை எழுதும்போது பேத்திதான் திருத்துகிறாள்.